சங்கத்துச் சம்மட்டி

சிங்கப்பூரில் எங்கள் ஈசூன் வீட்டு வாசற்கதவுக்குப் பின்னால் ஒரு சம்மட்டி இருக்கிறது. பெரியது இல்லை. ஒரு கையால் தூக்கிவிடலாம், தூக்கிய பிறகு ஏன் தூக்கினோம் என்று தோன்றும், அவ்வளவு கனம். இரும்புத் தலையின் ஒரு முகத்தில் சிவப்புச் சாயம் திட்டுத்திட்டாக ஒட்டியிருக்கிறது. மழைக்கு முன்னால் காற்று பொது நடைபாதை வழியாகப் புகுந்து எங்கள் கதவை அறையும். அதைத் தடுக்கத்தான் சம்மட்டியை முட்டுக் கொடுத்து வைத்திருக்கிறேன். என் மனைவிக்கு இது பிடிக்கவே இல்லை. "யாராச்சும் வந்தா என்னன்னு சொல்றது? கதவுக்குப் பின்னாடி சம்மட்டி இருக்கு, பயப்படாதீங்கன்னா?" என்பாள். பக்கத்து வீட்டு மலாய் அம்மா ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டு, வீட்டில் ஏதாவது உடைக்கப் போகிறோமா என்று கவலையாகக் கேட்டார். இல்லை என்றேன். அது ஓர் அறிவியல் சங்கத்தின் பொருள் என்று சொல்லியிருந்தால் இன்னும் கவலைப்பட்டிருப்பார்.

சங்கம் என்றால் மாலை, மேடை, பொன்னாடை என்று நினைத்துவிட வேண்டாம். கடற்கரையையும் ஆறு கடலில் சேரும் கழிமுகத்தையும் ஆராய்வதற்காக ஒரு சிறிய கூட்டம் சேர்ந்து நடத்திய சங்கம் அது. கல்லூரி ஆசிரியர்கள், துறைமுகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர்கள், மீன் நண்டு என்றால் சோறு தண்ணீர் மறக்கிறவர்கள். இந்தியக் கடைகள் நிறைந்த தேக்காவில், மசாலா அரைத்துக் கொடுக்கும் கடைக்கு மேலே ஓர் அறையில் கூடுவார்கள். கீழே மிளகாய் அரைபடும் நாளில் மேலே பேச்சாளர் என்ன பேசினாலும் சபை கண்ணீர் விடும். கூட்டத்துக்குக் கிழமையும் கிடையாது, நேரமும் கிடையாது. கடலில் நீர் ஏறியிருக்கும் நேரத்தில்தான் கூட்டம் வைப்பார்கள். நீர் வற்றும் நேரத்தில் ஒருவராவது அறைக்குள் உட்கார்ந்திருந்தால் அது சங்கத்துக்கே அவமானம் என்பது அவர்கள் கணக்கு. இதனால் சில மாதங்களில் காலைப் பசியாறும் வேளையிலும் சில மாதங்களில் நடுமதியத்திலும் ஆண்டுக் கூட்டம் நடந்திருக்கிறது.

அந்தச் சங்கத்தின் செயலாளரைப் பற்றித்தான் எழுத நினைத்தேன். நான் அவரை அக்கா என்றுதான் கூப்பிடுவேன். சிங்கப்பூரிலேயே பிறந்தவர், தண்ணீரைப் பரிசோதிக்கும் ஆய்வுக்கூடத்தில் நெடுங்காலம் வேலை பார்த்தவர். காலில் சக்கரம் கட்டிக்கொண்டு பிறந்தவர் என்று நம் ஊரில் சொல்வோமே, அது அவருக்கென்றே சொன்னது. கூட்டத்தில் எல்லாரும் உட்கார்ந்திருக்க அவர் மட்டும் சன்னலுக்கும் கதவுக்கும் நடந்துகொண்டே குறிப்பு எழுதுவார். சாப்பிடும்போதும் பாதி நேரம் நின்றபடிதான். ரயிலில் இடம் காலியாக இருந்தாலும் உட்கார மாட்டார். கேட்டால், "உக்காந்தா எனக்கு என்னமோ லேட்டாயிட்ட மாதிரி இருக்கு லா" என்பார், இந்த ஊர்ப் பேச்சின் 'லா'வையும் சேர்த்து. எதற்கு லேட்டாகிவிட்டது என்று அவருக்கும் தெரியாது.

நான் அவருக்கு நேர் எதிர் ஆசாமி. திருச்சிப் பக்கத்திலிருந்து வந்தவன், கடலையே பெரியவனான பிறகுதான் பார்த்தேன். தொழில் நில அளவை. ஜூரோங்கில் கட்டுமானத் தளங்களிலும் கப்பல் பட்டறைகளிலும் எது எவ்வளவு உயரம், எது எங்கே சாய்கிறது என்று பார்த்துச் சொல்வது என் பிழைப்பு. நிற்க வேண்டியது நிற்க வேண்டும் எனக்கு. அடுப்பை அணைத்தேனா என்று பார்க்கப் பாதி வழியிலிருந்து வீட்டுக்குத் திரும்பியவன் நான். அப்படிப்பட்டவனைச் சேற்றில் இறக்கிவிட்டது அந்த அக்காதான்.

ஒரு சனிக்கிழமை வேலை முடிந்து, மட்டம் பார்க்கும் கருவியையும் அதன் முக்காலியையும் தோளில் மாட்டிக்கொண்டு தேக்காவில் பரோட்டா சாப்பிடப் போயிருந்தேன். முக்காலியைச் சுவரில் சாய்த்துவிட்டு உட்கார்ந்தால், எதிரே ஓர் அம்மா தே, அதாவது தேநீர்க் குவளையோடு நின்றுகொண்டு என்னைப் பார்க்கவில்லை, முக்காலியைப் பார்த்துக்கொண்டிருந்தார். "நீங்க சர்வேயரா?" என்றார். ஆமாம் என்றேன். "சேறு பிடிக்குமா?" என்றார். பிடிக்காது என்றேன். "பரவால்ல லா. சேத்துக்கு உங்களைப் பிடிச்சிரும்." இரண்டாவது பரோட்டாவை முடிப்பதற்குள் அடுத்த நீர் வற்றும் நாளுக்கு வருவதாக ஒப்புக்கொண்டிருந்தேன். எப்படி ஒப்புக்கொண்டேன் என்று இன்றுவரை புரியவில்லை.

விஷயம் இதுதான். தீவின் வடக்குக் கரையில் ஒரு சிறிய ஆறு கடலில் சேரும் இடம். அலையாத்தி மரங்கள் ஒரு காடாக நிற்கும், அதற்கு முன்னால் நீர் வற்றினால் பரந்த சேற்றுவெளி தெரியும். அந்தச் சேறுதான் சங்கத்தின் பாடப்புத்தகம். முன்னோடி உறுப்பினர்கள் அங்கே ஓர் இரும்புக் குழாயை அடித்து இறக்கியிருந்தார்கள். அதன் தலைக்குச் சிவப்புச் சாயம். ஆண்டுதோறும் குழாயின் தலையிலிருந்து சேறுவரை எவ்வளவு இடைவெளி என்று அளப்பார்கள். இடைவெளி குறைந்தால் சேறு ஏறுகிறது, கூடினால் சேறு கரைகிறது. குழந்தைக்குக்கூடப் புரியும் முறை. ஆண்டுக்கு ஆண்டு இடைவெளி குறைந்துகொண்டே வந்திருந்தது.

அதில் சங்கத்துக்கு இருந்த மகிழ்ச்சியைச் சொல்லி முடியாது. கடல் மெல்ல உயர்கிறது என்று உலகமே கவலைப்படும் காலத்தில், இந்தச் சேறு கடலோடு போட்டி போட்டுத் தானும் உயர்கிறது. சேறு உயர்ந்தால் அலையாத்திக் கன்றுகள் மூழ்காது. கன்றுகள் பிழைத்தால் காடு தானே கரையைக் காக்கும். அந்த இடத்தில் கல்லால் தடுப்புச் சுவர் கட்டலாமா என்று அதிகாரிகள் யோசித்துக்கொண்டிருந்தார்கள். சுவர் வேண்டாம், இந்தக் கரை தன்னைத் தானே பார்த்துக்கொள்ளும் என்று சங்கம் அறிக்கை எழுதிக்கொண்டிருந்தது. எழுதியது அக்காதான். தன் ஓய்வுக்காலம் முழுவதையும் அதில் கொட்டியிருந்தார். மக்களைக் கூட்டிக் கருத்துக் கேட்கும் நாளும் நெருங்கிக்கொண்டிருந்தது.

என்னை அழைத்தது ஓர் ஒப்புக்காக. குழாயின் உயரத்தை நாட்டின் பொது உயரக் கணக்கோடு சேர்த்து எழுதினால் அறிக்கைக்குக் கூடுதல் மரியாதை. "ஒரு பக்கம் போதும். உங்க கையெழுத்து, கம்பெனி முத்திரை எல்லாம் வேணாம். அளவு மட்டும் குடுங்க" என்றார். ஆற்றின் மேல்பக்கத்தில் ஒரு பழைய பாலம் இருந்தது. அதன் சுவரில் பதித்த பித்தளைக் குமிழின் உயரம் எல்லாருக்கும் தெரிந்தது. அங்கிருந்து தொடங்கிக் குழாய்வரை அளந்து போய், வேறு வழியாக அதே குமிழுக்குத் திரும்பி வர வேண்டும். புறப்பட்ட உயரமும் வந்து சேர்ந்த உயரமும் ஒத்துப்போனால் சுற்று மூடியது என்போம். ஒத்துப்போகவில்லை என்றால் எங்கோ பிழை. இதை விளக்கியதும் அக்காவுக்கு அந்தச் சொல் மிகவும் பிடித்துவிட்டது. அதன்பிறகு எதற்கெடுத்தாலும் அதுதான். நான் வீட்டில் சண்டை என்று முகத்தைத் தூக்கிக்கொண்டு வந்தால், "என்ன சர்வேயர், மூடிச்சா இல்லையா?" என்பார்.

குழாயை அவர்கள் வைத்திருந்த பக்தியைப் பார்க்க வேண்டுமே. சுற்றிலும் கயிறு கட்டியிருந்தார்கள். கயிற்றுக்குள் யாரும் கால் வைக்கக் கூடாது. சேறு மிதிபட்டால் அளவு கெடுமாம். பலகை போட்டு, பலகைமேல் குப்புறப் படுத்து, கையை மட்டும் நீட்டித்தான் அளப்பார்கள். துறைமுகத்தில் பெரிய பதவியில் இருந்த அந்த ஆண்டுத் தலைவர், சீனர், எழுபதைத் தாண்டியவர், அவரும் மூச்சுப் பிடித்துக்கொண்டு படுப்பதைப் பார்த்தேன். நான் முக்காலியைக் கயிற்றுக்குப் பக்கத்தில் ஊன்றப் போனபோது நாலு பேர் ஒரே நேரத்தில் கத்தினார்கள். உளுவை மீன் ஒன்று கயிற்றுக்குள் துள்ளித் துள்ளிப் போனது. அதை மட்டும் யாரும் எதுவும் சொல்லவில்லை.

அளந்தேன். சுற்று மூடியது, மிக அழகாக மூடியது. ஆனால் குழாயின் தலை, முன்னோடிகளின் முதல் அறிக்கையில் எழுதியிருந்த உயரத்தில் இல்லை. ஒரு சாண் கீழே இருந்தது. என் கருவியைச் சந்தேகப்பட்டேன். அடுத்த முறை நீர் வற்றியபோது வேறொரு கருவியோடு போனேன். அதே ஒரு சாண். மூன்றாம் முறை யாரிடமும் சொல்லாமல் தனியாகப் போய், பலகையில் சறுக்கி விழுந்து, இடுப்புவரை சேற்றோடு எழுந்து அளந்தேன். அப்போதும் அதேதான். சங்கம் இத்தனை ஆண்டாகச் சேறு ஏறியதாகச் சொன்ன உயரமும் ஏறக்குறைய ஒரு சாண். அன்று பேருந்தில் யாரும் என் பக்கத்தில் உட்காரவில்லை. சேற்று நாற்றம் ஒரு காரணம். நான் எனக்குள் பேசிக்கொண்டு வந்ததும் இன்னொரு காரணமாக இருக்கலாம்.

அக்காவை அந்த இடத்துக்கே வரச் சொல்லிக் காட்டினேன். மழை வரும்போல இருந்த ஒரு காலை நேரம். குழாய் இறங்கியிருக்கிறது என்றேன். அவர் சிரித்தார். "அது எப்படி இறங்கும்? அடியில கெட்டிக் களிமண்ணு வரைக்கும் போயிருக்கு. தட்டிப் பாத்தா ணங்குன்னு சத்தம் வரும்." குழாயின் தலை நசுங்கி, காளான் குடை மாதிரி விரிந்திருந்ததை அப்போதுதான் கவனித்தேன். இது ஏன் இப்படி இருக்கிறது என்று கேட்டேன். அக்கா பெருமையோடு சொல்லத் தொடங்கினார். அது சங்கத்தின் வழக்கமாம். ஒவ்வொரு ஆண்டும் புதுத் தலைவர் பொறுப்பேற்றதும் எல்லாரும் இங்கே வருவார்களாம். தலைவர் பலகைமேல் நின்று சம்மட்டியால் குழாயை ஒரே ஒரு தட்டு தட்டுவார். ணங் என்று சத்தம் வந்தால் குழாய் உறுதி, சங்கமும் உறுதி. கைதட்டுவார்கள், படம் எடுப்பார்கள், பிறகு தலையில் புதுச் சாயம். "முதல் பொம்பளத் தலைவர் நான்தான், தெரியுமா? எல்லாரையும் விட வேகமா நான்தான்..." என்றவர் அப்படியே நின்றார்.

வாக்கியத்தை அவர் முடிக்கவே இல்லை. ஓயாமல் அசைந்துகொண்டிருக்கும் அந்த உடம்பு ஒருகணம் மரம்போல நின்றதை அன்றுதான் முதலில் பார்த்தேன். காலுக்கடியில் சேறு குமிழிவிட்டுக்கொண்டிருந்தது. ஒரு கால்தடம் படக்கூடாது என்று கயிறு கட்டிக் காத்தவர்கள், ஆண்டுதோறும் கைதட்டலோடு தாங்களே அதை உள்ளே இறக்கியிருக்கிறார்கள். வேலியே பயிரை மேய்ந்த கதை. கெட்டிக் களிமண் இன்னும் எவ்வளவோ ஆழத்தில் இருந்திருக்க வேண்டும். குழாய் மென்சேற்றில் மிதந்தபடி, அடிக்கு அடி கொஞ்சமும் தன் கனத்துக்குக் கொஞ்சமுமாக இறங்கியிருக்கிறது. எனக்குச் சிரிப்பு வந்தது, உண்மையைச் சொன்னால் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்க வேண்டும்போல வந்தது. அக்காவின் முகத்தைப் பார்த்ததும் அது தொண்டையிலேயே நின்றுவிட்டது. "அப்ப சேறு ஏறவே இல்லையா?" என்றார். முன்னோடிகள் முதல் உயரத்தை எவ்வளவு துல்லியமாக எடுத்தார்கள் என்று தெரியாது, அதனால் ஏறியதா இல்லையா என்றே இனி நமக்குத் தெரியாது என்றேன். அதுதான் அவருக்கு மேலும் வலித்தது என்று நினைக்கிறேன். ஏறவில்லை என்று சொல்லியிருந்தால் ஒருபாடு அழுது தீர்த்திருப்பார்.

மசாலாக் கடை மாடியில் செயற்குழு அவசரமாகக் கூடியது. என்னையும் கூப்பிட்டார்கள். முன்னோட்டமாக வெளியிட்டிருந்த அறிக்கையைச் சத்தமில்லாமல் திரும்பப் பெற்றுக்கொள்ளலாம், அளவுகளை மறுபடி சரிபார்க்கிறோம் என்று ஒரு வரி எழுதினால் போதும் என்றார் தலைவர். கெட்ட மனிதர் இல்லை அவர். சங்கத்தைக் காப்பாற்ற நினைத்தார். சம்மட்டிக் கதை வெளியே போனால் இனி இவர்கள் நண்டைப் பற்றிச் சொன்னாலும் ஊர் சிரிக்கும் என்று அவருக்குத் தெரியும். சுவர் கட்டுவதும் அன்றோடு உறுதியாகிவிடும். எல்லாரும் தலையாட்டினார்கள். எனக்கும் அதுவே நல்ல வழியாகத் தோன்றியது. அக்கா மட்டும் சன்னலுக்கும் கதவுக்கும் நடந்துகொண்டிருந்தார். அறை சின்னது, அவர் திரும்பும் ஒவ்வொரு முறையும் ஒருவர் காலை இழுத்துக்கொள்ள வேண்டியிருந்தது. கடைசியில் என்னிடம் தமிழில் கேட்டார்: "சர்வேயர், சுத்து மூடலைன்னா நீங்க என்ன செய்வீங்க? பேப்பரை மடிச்சுப் பையில வெச்சுக்குவீங்களா?" மாட்டேன் என்றேன். மூடவில்லை என்று எழுதிக் கொடுத்துவிட்டு மறுபடி அளப்பேன் என்றேன். அவர் மற்றவர்களிடம் ஆங்கிலத்தில், தான் எழுதிய அறிக்கையைப் பற்றிக் கருத்துக் கேட்கும் கூட்டத்தில் தானே பேசி முடித்துக்கொள்வதாகச் சொன்னார்.

அந்த நாள்வரை அவர் தூங்கியிருக்க மாட்டார். என்னைத் தொலைபேசியில் அழைப்பார், பேச மாட்டார், பிறகு வேறெதையாவது கேட்பார். வெள்ளரிக்காய் எங்கே நல்லதாகக் கிடைக்கும் என்று ஒருமுறை கேட்டார். சொல்லாமல் இருந்துவிடுவாரோ என்று எனக்குப் பயம். சொல்லிவிடுவாரோ என்றும் பயம். என் மனைவி, "உங்க ரெண்டு பேருக்கும் இது என்ன வியாதி? ஒரு கம்பிக்கு இவ்ளோவா?" என்றாள். அவள் கேட்டது நியாயம்தான். ஆனால் அந்தக் கம்பியை நம்பி ஒரு மனுஷி தன் நல்ல வயதையெல்லாம் சேற்றில் நின்று கழித்திருக்கிறார்.

கருத்துக் கேட்கும் கூட்டம் வடக்கே ஒரு சமூக மன்றத்தில் நடந்தது. அதிகாரிகள் முன்வரிசையில். பறவை பார்க்கிறவர்கள், மீன் பிடிக்கிறவர்கள், பக்கத்துப் புளோக்குகளில் குடியிருப்பவர்கள் என்று கூடம் நிறைந்திருந்தது. பலர் சங்கத்தின் அறிக்கையை நம்பித்தான் சுவர் வேண்டாம் என்று சொல்ல வந்திருந்தார்கள். அக்கா தேக்கா சந்தையில் காய்கறி வாங்கும் துணிப்பையோடு மேடைக்குப் போனார். பையிலிருந்து சம்மட்டியை எடுத்து மேசைமேல் வைத்தார். ஒலிபெருக்கி அந்தச் சத்தத்தைக் கூடம் முழுக்கப் பரப்பியது. "சேறு ஏறுவதாக நாங்கள் சொன்னது தவறு. இத்தனை ஆண்டுகளாக நாங்கள் எங்கள் சம்மட்டி அடியைத்தான் அளந்திருக்கிறோம். அதில் பலமான ஓர் அடி நான் அடித்தது" என்று ஆங்கிலத்தில் நிதானமாகச் சொன்னார். ஒருகணம் யாருக்கும் புரியவில்லை. பிறகு பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். அது வரிசை வரிசையாக முன்னே வந்தது. முன்வரிசையிலும் ஒருவர் வாயைப் பொத்திக்கொண்டார்.

அந்தச் சிரிப்பு அடங்கும்வரை அவர் அங்கேயே நின்றார். வழக்கமாக இரண்டு நொடி நிற்காதவர். கைகள் சம்மட்டியின் பிடியை இறுகப் பற்றியிருந்தன. எனக்கு மேடையேறி அவரை இறக்கிக் கூட்டி வந்துவிடலாம் போல இருந்தது. கோபம் என்றால் அப்படி ஒரு கோபம், யார்மேல் என்று தெரியாத கோபம். சிரிப்பு ஓய்ந்ததும் அவர் ஒன்றே ஒன்று கேட்டார். "உண்மையில் சேறு ஏறுகிறதா என்று எங்களுக்கும் தெரியாது, உங்களுக்கும் தெரியாது. பாதி இடத்தையாவது அப்படியே விடுங்கள், சரியாக அளந்து சொல்கிறோம்." சொல்லிவிட்டுச் சம்மட்டியைப் பைக்குள் போட்டுக்கொண்டு இறங்கி வந்தார். வெளியே பேருந்து நிறுத்தத்தில் பையை என்னிடம் நீட்டினார். "இதை நீங்க கொண்டுபோயிருங்க. என் வீட்ல இருந்தா என் கை சும்மா இருக்காது லா." அப்படித்தான் அது என் வீட்டுக்கு வந்தது.

பிறகு நடந்தது பாதிக்குப் பாதி. ஆற்றின் ஒரு பக்கம் கல்தடுப்பு எழுந்தது. மறுபக்கத்தை விட்டு வைத்தார்கள். அக்காவின் பேச்சைக் கேட்டுத்தான் விட்டார்களா, வேறு காரணமா, தெரியாது. யாரும் சொல்லவும் இல்லை. சங்கத்தில் பலர் வருவதை நிறுத்திக்கொண்டார்கள். அந்தத் தலைவர் மட்டும் உடம்பு முடிந்தவரை வந்தார். மாடி அறையை விட்டுவிட்டோம், இப்போது அங்கே பூ கட்டுகிறார்கள் என்று கேள்வி. மிச்சமிருந்தவர்கள் சேர்ந்து மறுபக்கத்துச் சேற்றில் புதுக்கம்பி இறக்கினோம். துருப்பிடிக்காத கம்பிகளை ஒன்றன்மேல் ஒன்றாகத் திருகிப் பூட்டி, கையில் பிடிக்கும் சிறு இயந்திரத்தால் இறக்கிக்கொண்டே இருந்தோம். பசித்தவன் மீ நூடுல்ஸ் உறிஞ்சுவதுபோலச் சேறு அதை உள்ளே இழுத்துக்கொண்டே இருந்தது. நாங்கள் கொண்டுபோன கம்பிகள் தீர்ந்து, இன்னொரு நாள் மறுபடி கொண்டுபோய், ஒரு கட்டத்தில் இயந்திரம் உதறியது, கம்பி அசையவில்லை. கெட்டித் தரை. தலைவர் தொப்பியைக் கழற்றினார். யாரோ பழக்கதோஷத்தில் கைதட்டப் போனார்கள். அக்கா திரும்பிப் பார்த்த பார்வையில் கை அந்தரத்திலேயே நின்றது.

புதுக்கம்பியில் முதல் அளவு எடுத்த அன்று நான், இனி எத்தனை ஆண்டு அக்கா, பதில் தெரிய, என்று கேட்டேன். "நமக்குத் தெரியறதுக்கா சேறு ஏறுது?" என்றார். சொல்லிவிட்டு ஏற்கனவே பலகையின் மறுமுனைக்கு நடந்துவிட்டார். ஆண்டுதோறும் வந்தார். பாலத்தில் தொடங்கிப் பாலத்தில் முடிக்கும்வரை என் பின்னாலேயே நடப்பார். கடைசி எண்ணை நான் வாசிப்பதற்குள் "மூடிச்சா?" என்று கேட்டுவிடுவார். சில ஆண்டுகள் அளவு கொஞ்சம் ஏறும், சில ஆண்டுகள் இறங்கும். ஏறும் ஆண்டில் நான் துள்ளுவேன். "ஒரு வருஷத்தை நம்பாதீங்க" என்று அடக்கிவிடுவார். அடக்கும்போது அவர் கண்ணிலும் ஆசை தெரியும்.

இரண்டாண்டுக்கு முன்னால் அவருக்குப் பக்கவாதம் வந்தது. இடப்பக்கம் முழுவதும் போய்விட்டது. இப்போது பூன் லே பக்கம் ஒரு தாதிமை இல்லத்தில் இருக்கிறார். முதல்முறை பார்க்கப் போனபோது வாசலோடு திரும்பிவிடலாமா என்று நினைத்தேன். அவர் உட்கார்ந்திருந்தார். வேறொன்றும் இல்லை, சக்கர நாற்காலியில் சும்மா உட்கார்ந்திருந்தார். அதைத்தான் என்னால் பார்க்க முடியவில்லை. பேச்சு இழுத்து இழுத்துத்தான் வருகிறது. ஆனால் என்னைக் கண்டதும் நல்ல கையால் நாற்காலியின் கைப்பிடியைத் தட்டினார். நிற்காமல் தட்டிக்கொண்டே இருந்தார். நடக்க முடியாத கால்களின் வேலையையும் அந்த ஒரு கை பார்த்துக்கொண்டிருந்தது.

இந்த ஆண்டு அளவை நானும் புதிதாகச் சேர்ந்த சிலரும் எடுத்தோம். எல்லாரும் இளையவர்கள். பழைய படங்களை எங்கேயோ பார்த்துவிட்டு, அந்தச் சம்மட்டி எங்கே, ஒரு படமாவது எடுத்துக்கொள்ளலாமே என்று கேட்டார்கள். தொலைந்துவிட்டது என்றேன். சுற்று மூடியது. சேறு ஏறவில்லை. இந்த ஆண்டு மட்டும் என்றால் ஆறுதல் சொல்லிக்கொள்ளலாம். இதுவரை எடுத்த எல்லா அளவுகளையும் சேர்த்துப் போட்டுப் பார்த்தால், சேறு இருந்த இடத்தைவிடக் கொஞ்சம் கீழேதான் போயிருக்கிறது. கடல் ஏறுகிறது, சேறு ஏறவில்லை. கரையோரக் கன்றுகளில் பாதி இலையுதிர்ந்து நின்றதை வந்தவர்கள் எல்லாரும் பார்த்தார்கள்.

பூன் லேக்கு ரயிலில் போகும்போது ஒரு முடிவோடு போனேன். ஏறியிருக்கிறது என்று சொல்லிவிடுவது. ஒரு விரற்கடை ஏறியிருக்கிறது அக்கா, அவ்வளவுதான். இனி அவர் வந்து அளந்து பார்க்கப் போவதில்லை. கூடம் நிறைந்த சிரிப்பைத் தாங்கி நின்ற ஒரு மனுஷிக்கு நல்லதாக ஒரு சேதியாவது போய்ச் சேரட்டும். தலைவரிடம் நான் இதைச் சொன்னால் அவரும் தலையாட்டுவார். ரயில் ஜூரோங்கைத் தாண்டும்போது ஒத்திகைகூடப் பார்த்தேன். முகத்தை எப்படி வைத்துக்கொள்வது, குரலை எங்கே கொஞ்சம் உயர்த்துவது என்று. உட்கார இடமிருந்தும் நின்றுகொண்டிருந்தேன் என்பது இறங்கும்போதுதான் தெரிந்தது.

அவரைச் சன்னலோரம் உட்காரவைத்திருந்தார்கள். தாதி என்னைப் பார்த்ததும், காலையிலிருந்து உங்களைத்தான் கேட்டுக்கொண்டிருக்கிறார் என்றார். நீர் வற்றிய நாள் எது என்று அவருக்குத் தெரியும், யாரும் சொல்ல வேண்டியதில்லை. நான் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காருவதற்குள் கேட்டுவிட்டார்.

"மூ...டிச்சா?"

"மூடிச்சு அக்கா."

தலையசைத்தார். கை கைப்பிடியைத் தட்டிக்கொண்டிருந்தது. "ஏறிச்சா?"

நான் வாயைத் திறந்தேன். ரயிலில் தயார் செய்து வைத்திருந்த விரற்கடை நாக்கு நுனிவரை வந்தது. அந்தக் கண்களைப் பார்த்தேன். மேசைமேல் சம்மட்டியை வைத்த அன்றிருந்த அதே கண்கள்.

"இல்லக்கா. ஏறல. மொத்தமாப் பாத்தாலும் ஏறல. கொஞ்சம் கீழதான் போயிருக்கு."

கை தட்டுவது நின்றது. அவர் சன்னலுக்கு வெளியே பார்த்தார். கீழே கார் நிறுத்துமிடம், அதைத் தாண்டி ஒரு புளோக், வேறெதுவும் தெரியாது அங்கிருந்து. நான் சொல்லியிருக்கக் கூடாது என்று நினைத்தேன். பொய்யனாகவே போயிருக்கலாம், யாருக்கு என்ன நட்டம் என்று என்னையே திட்டிக்கொண்டேன். அவர் கன்னத்தில் கண்ணீர் இறங்கியது. அதைத் துடைக்கக்கூடக் கையைத் தூக்கவில்லை. பிறகு என் பக்கம் திரும்பினார். வாயின் ஒரு பக்கம் மட்டும் மெல்ல மேலே போயிற்று.

"அப்ப... கம்பி நிக்குது."

புரியாமல் பார்த்தேன்.

"நம்ம கம்பி... நிக்குது லா, சர்வேயர்."

ஆமாம் என்றேன். பழைய குழாய்போல இறங்கியிருந்தால் சேறு ஏறியதாகக் காட்டியிருக்கும், நிற்கிறது அக்கா, அசையாமல் நிற்கிறது என்றேன். அவர் கையைப் பிடித்துக்கொண்டு அழுதேன், தாதி பார்க்கிறார் என்று தெரிந்தும் அழுதேன். கிளம்பும்போது அவர் கை மறுபடி தட்டத் தொடங்கியிருந்தது. "அடுத்த வருஷம்" என்றார். அவ்வளவுதான் சொன்னார்.

வீட்டுக்கு வந்தபோது மழைக்காற்று தொடங்கிவிட்டது. கதவு அறைந்துகொண்டிருந்தது. மனைவி சம்மட்டியை ஓரமாகத் தள்ளி வைத்திருந்தாள். என் முகத்தைப் பார்த்ததும் ஒன்றும் கேட்காமல் அவளே அதைக் காலால் நகர்த்திக் கதவுக்கு முட்டுக் கொடுத்தாள். "ஏறிச்சா?" என்றாள் பிறகு. இல்லை என்றேன். தே கலக்கிக் கொண்டுவந்து வைத்தாள். அடுத்த ஆண்டு நீர் அட்டவணையை எடுத்து, பகலில் நன்றாக வற்றும் நாள் எது என்று பார்க்க உட்கார்ந்தேன். உட்கார முடியவில்லை. எழுந்து நின்றே பார்த்தேன்.